கொழும்பில் சாப்பிட நல்ல இடம்

டிக்கெட் ஏஜென்சியில் உட்கார்ந்தவனுக்கு உலகமெல்லாம் வாயில்தான் இருக்கும். கால் மட்டும் மேஜைக்கு அடியிலேயே கிடக்கும். வேலூரில் ஒரு மாடி அறையில், கொழும்புக்குப் போகிறவர்களுக்கு ரயிலும் கப்பலும் பர்மிட்டும் ஏற்பாடு பண்ணிக் கொடுக்கிற ஆபீசில் எனக்கு வேலை. சுதந்திரத்துக்கு அப்புறம் கொழும்புக்குப் போகப் பர்மிட் வேண்டும் என்று ஆகிவிட்டது. அதனால்தான் எங்களுக்கும் சோறு கிடைத்தது. கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஏறி விழுப்புரம், அங்கே போட் மெயில், தனுஷ்கோடியில் கப்பல், அக்கரையில் தலைமன்னார், மறுபடி ரயில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். நான் விழுப்புரத்தைத் தாண்டியதில்லை.

கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜனங்கள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு சும்மா போகமாட்டார்கள். கப்பலில் வாந்தி வருமா, அங்கே வெயில் நம் வெயில்தானா, மண்டபம் கேம்பில் ஊசி போடுவார்களா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுவிட்டு, கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது ஒரே இடத்தில். அங்கே சாப்பாட்டுக்கு இன்னா வழி? தோலிலும் லுங்கியிலும் வேர்க்கடலையிலும் உழைத்துச் சம்பாதித்த ஜனங்கள். வேலை என்று ஒன்றும் இல்லாமல் கடற்கரையில் காற்று வாங்க என்றே ஒரு தீவுக்குப் போவது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. வயிறு கெட்டுப்போய்விட்டால் பிரயாணமே பாழ். அதனால் போய்த் திரும்புகிறவர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டு, போகிறவர்களுக்குச் சொல்லுவேன். அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

போர்டு இல்லாத கடை

ஆம்பூரில் தோல் ஷாப்பு வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், பீபியையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்தார். தோல் ஷாப்பு என்றால் எங்கள் பக்கத்தில் தோல் பதனிடுகிற இடம். கடலைப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டலில் இறங்கினார்கள். அங்கே அவித்த உருளைக்கிழங்கும் கருகின ரொட்டியும் கொடுத்தார்களாம். அதை விட்டுக் கடைத்தெருவான பேட்டைப் பக்கம் வந்து பிரியாணி சாப்பிட்டார்கள். ஆம்பூர்க்காரர் வேறு ஊர்ப் பிரியாணியைப் பற்றி என்ன சொல்லுவார் என்று உங்களுக்கே தெரியும். நானும் அதை எழுதப்போவதில்லை.

அப்புறம் ஒருநாள் மத்தியான வெயிலில், மணிக்கூண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். அங்கே போர்டு கூட இல்லாத ஒரு சைவக் கடை. இடியாப்பம், தேங்காய்ப்பால் ஊற்றின சொதி, சிவப்பாகத் தேங்காய்ச் சம்பல், கடைசியில் ஒரு கடி வெல்லத்தோடு பால் இல்லாத டீ. பெண்கள் அன்றிலிருந்து வேறு கடைக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். எந்த ஊர் என்று பரிமாறுகிறவன் கேட்டிருக்கிறான். ஆம்பூர் என்றதும் இன்னொரு கரண்டி சொதி ஊற்றினான். தேங்காய்ப்பாலை அவனே பிழிகிறான், அவனே ஊற்றுகிறான். காலையிலிருந்து பொழுது சாயும் வரை வேலையாட்களின் பழுப்பேறின கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிற தோல் ஷாப்பு முதலாளிக்கு அவன் கை மனசில் நின்றுவிட்டது. என்னிடம் டீயை ஆற்றிக் குடித்தபடி சொன்னார்:

"ருசிய வுடு தம்பி. உரிச்ச வெங்காயம் மாதிரி இருக்குது அந்தக் கை. அதப் பாத்தாலே ரெண்டு இடியாப்பம் ஜாஸ்தி எறங்குது."

நான் சாப்பிட்ட மாதிரியே

அன்றிலிருந்து யார் கேட்டாலும் அந்தச் சந்தைத்தான் சொன்னேன். மணிக்கூண்டுக்குப் பின்னால் திரும்பு, இரும்புக்கடையைத் தாண்டு, வாசலில் தேங்காய் மட்டை குவிந்திருக்கும், உள்ளே போ. வெயில் ஏறுவதற்குள் போனால் ஆப்பம், ஏறின பிறகு போனால் இடியாப்பம். சாயங்காலம் கடலோரக் காலிமுகத் திடலில் இறால் வடை. சைவமாக இருந்தால் விளாம்பழ ஜூஸ். இப்படி நான் அளந்துகொண்டே போவேன். போனவர்களெல்லாம் திரும்பி வந்து அந்தக் கடையைப் புகழ்ந்தார்கள். சிலபேர் எனக்குச் செவ்விளநீர் கூடத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மாளுக்குச் சொதியில் எலுமிச்சம்பழம் எப்போது பிழிவார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் பர்மிட் வேலை பார்க்கிற நாதமுனி, அந்த அம்மாள் படியிறங்கும் வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்:

"நீ மத்தியானம் சாப்பிடறது உங்க வூட்டுப் பழைய சோறு தானேப்பா?"

பொட்டு உண்டு, பூ இல்லை

எங்கள் மாடிக்குக் கீழே ஆவாரம்பட்டை மண்டி ஒன்று இருந்தது. ஆவாரஞ்செடியின் பட்டையை ஊறவைத்த தண்ணீரில்தான் தோலைப் பதம் பண்ணுவார்கள். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பட்டையை உரித்துக் கட்டிக்கொண்டு வந்து போடுவார்கள். அப்படி ஒடுகத்தூரிலிருந்து வருகிறவள் பச்சையம்மா. ஒருநாள் சுமையைக் கீழே இறக்கிவிட்டு மாடிக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் பொட்டு இருந்தது, தலையில் பூ இல்லை. இன்னாம்மா என்று கேட்டதும் கதவை விடாமலே சொல்லி முடித்தாள்.

அவள் புருஷன் ஏழுமலை, ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் பட்டைத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவன். ஒருநாள் டவுனில் ஒரு ஓட்டலுக்குள் காபி குடிக்கப் போயிருக்கிறான். கையைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் போய் நில்லு என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவன் அதை ஒரே ஒரு தடவை சொன்னான், அப்புறம் பேச்சே குறைந்துபோய்விட்டது. பர்மிட்டெல்லாம் வராத காலம் அது. யாரோடோ சேர்ந்து கொழும்புக்குப் போனான். கொஞ்ச காலம் வருகிறவர் போகிறவர் மூலம் குழந்தைக்குத் துணிமணி வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. அந்தக் குழந்தை அஞ்சலைக்கு இப்போது கல்யாணம் கூடியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு அணைக்கட்டு ஊர். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெண்ணின் அப்பன் இருக்கிறானா, இல்லையா? இருக்கிறான் என்றால் பச்சையம்மா மணையில் நிற்கலாம். இல்லை என்றால் அவள் பின்கட்டில் இருக்கட்டும், கொழுந்தனும் ஓரகத்தியும் தாரை வார்க்கட்டும். தை மாசத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

"பூ வச்சா ஊரு சிரிக்குது, பொட்ட அழிக்க மனசு வரல" என்றாள். கொழும்புக்குப் போகிறவர்களைத் தேடச் சொல்லலாம், போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். போட்டோ இல்லை. அடையாளம் கேட்டேன். கருப்பாக, நடுத்தர உயரமாக இருப்பான் என்றாள். அந்த அடையாளத்தில் கொழும்புப் பேட்டையில் பாதிப்பேர் இருப்பார்கள் என்றேன். அவள் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பட்டை உரிக்கிற கை. உள்ளங்கையும் நகக்கண்ணும் காய்ச்சின வெல்லப்பாகு நிறம்.

"மொகத்த சொல்லி இன்னா பிரயோசனம்யா? ஓட்டல்ல சாப்புடறவங்க கைய பாக்கச் சொல்லுங்க. பட்டைக் கறை சாவற மட்டும் போவாது."

கை பார்த்த தேனிலவு

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் ஜில்லாவில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்ப்போம். பஸ்ஸில் கண்டக்டர் கையைப் பார்த்துப் பின்சீட்டைக் காட்டுவார். ஓட்டல்காரன் கையைப் பார்த்து கிளாஸை மாற்றுவான். அது நியாயமா என்று கேட்காதீர்கள், நடந்தது அதுதான். ஆகவே பச்சையம்மா சொன்ன அடையாளம் எனக்கும் நாதமுனிக்கும் ரொம்பச் சரியாகப் பட்டது. கொழும்புக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினோம். எந்தக் கடையில் சாப்பிட்டாலும் பக்கத்து இலையில் இருக்கிற கையைப் பாருங்கள், பழுப்புக் கையாக இருந்தால் பேரைக் கேளுங்கள், ஏழுமலையா என்று.

குடியாத்தத்து லுங்கி வியாபாரி ஒருவரின் மகன், புதுசாகக் கல்யாணம் ஆனவன், பெண்டாட்டியோடு போனான். அப்பாவின் சரக்கு வாங்குகிற கடைகளை ஒரு எட்டுப் பார்த்தது போக மீதி நாளெல்லாம் உல்லாசம்தான். அந்தப் பெண்ணிடம் பச்சையம்மாவின் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் போன கடையிலெல்லாம் சாப்பிடுவதை விட்டுவிட்டு ஆம்பிளைகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஆப்பக்கடையில் பார்த்தாள், ஜூஸ் கடையில் பார்த்தாள், கடற்கரையில் வடை தின்கிறவன் கையைக் கூடக் குனிந்து பார்த்தாள். ஒரு ஆள் சண்டைக்கே வந்துவிட்டான். நான் சொன்ன சந்துக் கடைக்கும் தினம் போனார்கள். இலையில் உட்கார்ந்த அத்தனை பேர் கையையும் பார்த்தும் பழுப்புக் கை ஒன்று கூட இல்லை. சொதி மட்டும் அமிர்தம் என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை.

"கடல் பாக்கப் போனோம் சார். கைய பாத்துட்டு வந்தோம்."

ஹெட்மாஸ்டரின் குறை

வாலாஜாபேட்டையில் ரிட்டையரான ஹெட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். சுத்த சைவம். அந்நிய வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூட யோசிப்பவர். அவரும் அவர் சம்சாரமும் மருமகன் உபயத்தில் கொழும்புக்குப் போய்விட்டு வந்தார்கள். திரும்பி வந்ததும் நேரே எங்கள் மாடிக்கு ஏறி ஒரு குறையைச் சொன்னார். கப்பலைப் பற்றி இல்லை, என் கடையைப் பற்றி. சாப்பாடு பிரமாதம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் பரிமாறுகிறவனுக்குப் பேசத் தெரியவில்லையாம். எந்த ஊர் என்று கேட்டான், வாலாஜா என்றேன், ஒரு மனுஷன் அடுத்தபடியாகப் பாலாற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்டால் அழகாக இருக்கும். இவன் கேட்கிறான், மலைப்பக்கம் மழை பெய்ததா, இந்த வருஷம் ஆவாரம்பட்டை நல்லா உரியுதா என்று. சாப்பிடுகிற இடத்தில் பட்டையைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று என்னையே கேட்டார்.

எழுதிக்கொண்டிருந்த டிக்கெட்டை நிறுத்திவிட்டேன். மழை பெய்தால் பட்டை லேசாக உரியும் என்பதும், பெய்யாவிட்டால் உரிக்கிறவள் விரல் கிழியும் என்பதும் யாருக்குத் தெரியும்? அதைக் கேட்டு யாருக்கு என்ன ஆக வேண்டும்? நாதமுனியும் பேனாவை வைத்துவிட்டார். அவன் கை எப்படி இருந்தது என்று நான் ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். அவருக்கு என் கேள்வி பிடிக்கவில்லை. ஆனாலும் வாத்தியார் அல்லவா, பதிலைப் பூராவும் சொன்னார்:

"அந்த மாதிரி சுத்தமான கை நம்ம ஜில்லாவிலேயே கிடையாது. அதை நம்பித்தான் நாங்க ரெண்டு பேரும் அங்க வாய் வெச்சோம்."

கறை போகுமா

சாப்பிடுகிறவர்கள் கையை மட்டும் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தோம். போடுகிறவன் கையைப் பார்க்கச் சொல்லவில்லை. பார்த்தவர்களும் அது வெள்ளையாக இருந்ததென்று மெச்சிவிட்டு வந்தார்கள். ஆனால் கறை சாகிற வரைக்கும் போகாது என்று அவள் சொன்னாளே? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கீழே மண்டிக்கு இறங்கிப் போய், சுமை தூக்குகிறவர்களையும் தோல் ஷாப்பிலிருந்து பட்டை எடுக்க வந்தவர்களையும் கேட்டேன். வேலையை விட்டால் கையில் இருக்கிற கறை போகுமா என்று.

போகாது என்றார்கள் எல்லோரும். எப்படித் தெரியும் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஷாப்பை விட்டால் இன்னொரு ஷாப்பு. முடியாமல் போனால் வீட்டில் பட்டை இடிக்கிற வேலை. எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் நகமெல்லாம் அரித்துப்போன ஒருவர்தான் கடைசியில் சொன்னார்:

"யாருய்யா வுட்டுட்டுப் போயிருக்கறாங்க, போவுதா இல்லியான்னு பாக்க?"

ஒரு துண்டுப் பட்டை

பச்சையம்மாவிடம் சொல்லலாமா என்று நானும் நாதமுனியும் அடித்துக்கொண்டோம். அது ஏழுமலை இல்லை என்று ஆகிவிட்டால் இவளை இன்னொரு தடவை கொன்ற மாதிரி ஆகும் என்றார் நாதமுனி. எனக்கும் பயம்தான். ஆனால் தை நெருங்கிக்கொண்டிருந்தது; அணைக்கட்டுக்காரர்கள் இரண்டாம் தடவை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள். அடுத்த சுமையோடு அவள் வந்தபோது உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்தக் கடையில் ஒருவர் பட்டையைப் பற்றி விசாரிக்கிறார், ஆனால் கையில் கறை இல்லை.

கறை இல்லை என்றதும் அவள் முகம் வாடிப்போனது. ஆனாலும் கீழே போனாள். தன் கட்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பட்டையை ஒடித்துக்கொண்டு வந்தாள். ஏழுமலைக்கு ஒரு பழக்கமாம். எந்தப் பட்டையைக் கையில் எடுத்தாலும் கடித்து மென்று பார்த்து, எந்த மலை என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டியில் போடுவான். தான் தலையில் வைத்துக்கொண்டு வரும் காட்டுப்பூவைப் பார்க்காமல், தன் கையில் இருக்கிற பட்டையை வாங்கிக் கடித்தவன் என்று சொன்னபோது லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். ஆம்பூர் ஹாஜியார் தோல் விஷயமாக மறுபடி கொழும்புக்குப் போகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன், என்ன கேட்க வேண்டும் என்றேன்.

"ஒண்ணும் கேக்க வேணாம். எலை பக்கத்துல வச்சா போதும். அவரா இருந்தா கடிப்பாரு."

ஹாஜியார் கொண்டுவந்தது

ஹாஜியார் அதை வெற்றிலைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தவர், வழக்கமாகப் படியேறும்போதே கூப்பிடுகிறவர், அன்றைக்குச் சத்தமில்லாமல் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஆள் கொஞ்சம் பேஜாராகத்தான் இருந்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்லுகிறேன்.

மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு போயிருக்கிறார். இலை போட்டதும் பட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சொதி வாளியோடு வந்த ஆள் அதைப் பார்த்தான். வாளியைத் தரையில் வைத்தான். பட்டையை எடுத்துக் கடித்தான். சுவரோரமாகத் திரும்பி நின்று ரொம்ப நேரம் மென்றான். "ஒடுகத்தூரு" என்றான், யாரிடம் என்று இல்லாமல். ஹாஜியார் மகள் கல்யாணத்தைச் சொன்னார், அணைக்கட்டுக்காரர்கள் கேட்பதைச் சொன்னார், ஊருக்கு வந்து நில்லேன்பா என்று சொன்னார். பர்மிட்டுக்கு நாங்கள் இருக்கிறோம் என்பதையும் சொன்னார். அவன் இரண்டு கையையும் இலைக்கு மேலே நீட்டித் திருப்பித் திருப்பிக் காட்டினான். இந்தக் கையால் போட்டால் முதலாளியும் சாப்பிடுகிறார், வாத்தியாரும் சாப்பிடுகிறார், இதை மறுபடி தொட்டியில் விடச் சொல்லுகிறீர்களா என்று கேட்டான். தோல் ஷாப்பு முதலாளியைப் பார்த்து இதைக் கேட்டான். ஹாஜியார் இலையை மடித்துவிட்டார்.

அவன் செய்தது சரியில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டவன் விட்டவன்தான். ஆனால் வேலூரில் எந்த ஓட்டலில் ஹெட்மாஸ்டர் அந்தக் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பார் என்று யோசித்தேன். கோபம் வந்த வழியே போய்விட்டது, வேறு என்னவோ வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியாக ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உள்ள போய் தேங்காய பிழிஞ்சிக்கினே இருந்தான் தம்பி. நான் கை கழுவிட்டு வெளிய வரசொல்ல பின்னாடியே ஓடியாந்து, 'அவ பூ வச்சிக்கட்டும்'னான்."

மணையில்

பச்சையம்மாவிடம் நான்தான் சொன்னேன். பூ வைத்துக்கொள்ளச் சொன்னதையும் சொன்னேன், வரமாட்டேன் என்றதையும் மறைக்கவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்துத் தண்ணீர்ச் சொம்பைக் கூடப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவள் அழவில்லை. கறை எப்படிப் போனதாம் என்று மட்டும் கேட்டாள். தேங்காய்ப்பால் பிழிந்து பிழிந்து போயிருக்கும் என்றேன். தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதற்கப்புறம் மாடிக்கு வரவில்லை, கல்யாணத்துக்குக் கூப்பிட ஒரு தடவை வந்ததைத் தவிர.

கல்யாணம் ஒடுகத்தூரில், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. நானும் நாதமுனியும் பஸ் ஏறிப் போயிருந்தோம். பச்சையம்மா தலை கொள்ளாமல் பூ வைத்திருந்தாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று வைத்த மாதிரி இருந்தது. தாரை வார்க்கிற நேரத்தில் சம்பந்தி, அப்பன் இருந்தாலும் பக்கத்தில் இல்லையே, ஜோடியாக நிற்கிறவர்கள் வார்ப்பதுதான் முறை என்று கொழுந்தனையும் ஓரகத்தியையும் கூப்பிட்டார். அவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். பச்சையம்மா நகரவில்லை. தாரைச் சொம்பை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் பூசிக் குளித்தும் போகாத அந்தப் பழுப்புக் கையால் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சத்தம் போடவில்லை, சம்பந்தியைப் பார்த்து நிதானமாகத்தான் சொன்னாள்:

"அவரு நல்லா இருக்கறாரு சம்பந்தி. அந்தக் கை வெளுத்தது வெளுத்ததாவே இருக்கட்டும். தாரை வார்க்க இந்தக் கை போதும்."

கொழும்பில் சாப்பிட நல்ல இடம் எது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள், நானும் அதே சந்தைத்தான் சொல்லி அனுப்புகிறேன், பரிமாறுகிறவர் எந்த ஊர் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், மலைப்பக்கம் மழை பெய்தது என்று மட்டும் பொய்யாவது சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்து.